ரெண்டு பாலத்துக்கு நடுவே

சொந்த ஊருக்கு டூரிஸ்டாக வருவதைப் போல ஒரு கேவலம் உலகத்தில் கிடையாது. அதுவும் கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னால் ஒரு பெண் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க, அவள் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிசையில். நான் பிறந்து வளர்ந்து முப்பது வருஷம் ஓடித் திரிந்த வெனிஸில், "கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சிடாதீங்க, சந்துகள்ல வழி தவறிடும்" என்று எனக்கே சொன்னாள் அந்தப் பெண். அவளுக்குச் சொந்த ஊர் பாதுவா பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஏற்பாடெல்லாம் என் மாமனார் ஒலிந்தோவுடையது. பெர்கமோவில் டைல்ஸ், குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். கப்பலில் அவர், அவருடைய ஒரே மகள் தெக்லா, அதாவது என் பெண்டாட்டி, எங்கள் மகள் லவீனியா, கடைசியாக நான். பதினாலு வருஷமாக அவர் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு அவர் கடையில் டைல்ஸ் விற்கிறேன். வீட்டோட மாப்பிள்ளை. மனுஷர் கெட்டவர் இல்லை, தொந்தரவே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன். இவர் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிற ரகம். கார் கொடுத்தார். பேத்திக்கு நல்ல பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் என்ன சாப்பிட வேண்டும் என்பதைக்கூட அவரே யோசித்து முடித்து வைத்திருப்பார். இப்படி ஒரு மனுஷரிடம் எந்த வாயால் குறை சொல்வது?

கல்யாணத்துக்கு முன்னால் நான் பஸ்ஸில் கயிறு கட்டுகிறவனாக இருந்தேன். எங்கள் ஊரில் பஸ் என்றால் படகுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கயிற்றை வீசிக் கட்டி, ஜனங்களை இறக்கி ஏற்றி, அவிழ்த்துவிட வேண்டும். என்றைக்காவது ஒருநாள் கூண்டுக்குள் நின்று அதை ஓட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. தெக்லா வயிற்றில் லவீனியா இருந்தபோது, பிரசவம் முடிகிற வரைக்கும் என்று பெர்கமோவுக்குப் போனோம். லவீனியாவுக்கு இப்போது பதின்மூன்று வயசு. பிரசவம் இன்னும் முடிந்தபாடில்லை.

இந்த வசந்தத்தில் போலோனியாவில் டைல்ஸ் கண்காட்சி என்று பொய் சொல்லிவிட்டு வெனிஸுக்கு வந்து படகு ஓட்டுநர் பரீட்சை எழுதினேன். தேறியும் விட்டேன். இந்த வயசில்! இடம் ஒன்று காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். எந்த வெள்ளிக்கிழமை? எங்கள் கப்பல் வெனிஸில் நிற்கிற அதே வெள்ளிக்கிழமை. கடவுளே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அரை மணி நேரம் கூட்டத்திலிருந்து நழுவினால் போதும். கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். முன்னாலேயே சொன்னால் நடக்காது. மாமனார் இன்னும் பெரிதாக எதையாவது கொடுத்துவிடுவார்.

ஆனால் நழுவ விட்டால்தானே. தலைவலி, மருந்துக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். நானும் வருகிறேன் என்று தெக்லா கிளம்பிவிட்டாள். வேண்டாத மாத்திரையை வாங்கி, அவள் கண் முன்னாலேயே முழுங்கவும் வேண்டியதாயிற்று. ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்றேன். மாமனார், "எல்லாரும் குடிக்கலாமே" என்று மொத்தக் குடும்பத்தையும் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பழைய சிநேகிதன் ஒருத்தனைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, எங்களுக்கும் அறிமுகப்படுத்தி வை என்றார்கள். இதெல்லாம் போக, தெக்லா காலையிலிருந்து என் கையை விடவே இல்லை. தெருவில் கை கோத்து நடக்கிறவள் இல்லை அவள். கடல் காற்று அவளுக்கு ஒத்துக்கொண்டது போல என்று நினைத்தேன். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மஞ்சள் குடைக்காரி பேசிப் பேசி மாமனாருக்குச் சலிப்பு வந்துவிட்டது. நம்ம மாப்பிள்ளை ஊரிலேயே வந்து எவளோ ஒருத்தியிடம் கதை கேட்பதா என்று கூட்டத்திலிருந்து பிரிந்து, நேராகப் படித்துறைக்கு நடந்தார். கொந்தோலாப் படகில் போக வேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் ஆசையாம். அங்கே கோடு போட்ட சட்டையோடு நின்றவன் தோரோ. என் சந்துக்காரன், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். என்னைப் பார்த்ததும் முதலில் என் கழுத்திலிருந்த கப்பல் அட்டையைத்தான் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தான்.

மாமனார் சந்தோஷமாகக் கை குலுக்கி, பெரிய கால்வாய் எல்லாம் வேண்டாம், சின்னக் கால்வாய்களுக்குள் கூட்டிக்கொண்டு போ என்றார். முடியாது என்று தோரோ தலையை ஆட்டினான். தெற்குக் காற்று அடிக்கிறது, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, உள்ளே பாலங்களெல்லாம் தாழ்வு, பெரிய கால்வாயிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றான். தண்ணீர் ஊருக்குள் வராமல் தடுக்கக் கடல் வாசலில் கதவு இருக்கிறதே என்று லவீனியா கேட்டாள், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாள் போலிருக்கிறது. இந்த அளவுத் தண்ணீருக்கெல்லாம் அதைத் தூக்க மாட்டார்கள் என்றான் தோரோ.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உள்ளே நான் சொல்கிற கால்வாய் வழியாகப் போனால், நான் கையெழுத்துப் போட வேண்டிய படகு அலுவலகத்தின் பின்பக்கத்துப் படிக்கட்டு வரும். ஒரு நிமிஷம் என்று குதித்து இறங்கிவிட்டால் யார் என் பின்னால் வரமுடியும்? மாமனாருக்கு முழங்கால் மடங்காது. நான் தோரோவிடம் எங்கள் ஊர்ப் பேச்சில், வேகமாக, குடும்பத்துக்குப் புரியாதபடி விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுபோயிற்று.

"மேல பாலம் இடிக்கும்டா," என்றான்.

"சுவத்தைப் பாரு. தண்ணி பச்சைக்கு ஒரு ஜாண் கீழ இருக்கு. பச்சைக்குக் கீழ இருந்தா எந்தப் பாலத்துலயும் போலாம்னு உங்கப்பனே நமக்குச் சொல்லலையா? படகுக்காரனா இருந்துக்கிட்டு பயப்படறியே."

பச்சை என்றால் சுவரில் பாசி பிடித்திருக்கிற அளவு. எங்கள் ஊரில் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் அதைத்தான் படிக்கக் கற்றுக்கொள்ளும். நீ சொல்கிறாய் என்பதற்காகப் போகிறேன் என்று முனகிக்கொண்டே தோரோ துடுப்பை எடுத்தான்.

முதல் பாலத்தில் எல்லோரையும் குனியச் சொன்னான். கல் என் தலைமயிரை உரசிக்கொண்டு போனது. மாமனார் குழந்தை மாதிரி சிரித்தார். அடுத்த திருப்பத்தில் இரண்டாவது பாலம் தெரிந்தது, அதைத் தாண்டி என் படிக்கட்டும் தெரிந்தது. படகின் முன்பக்கத்து இரும்பு மூக்கு பாலத்தை நெருங்கியதும் தோரோ துடுப்பைக் குத்தி நிறுத்தினான். மூக்குக்கும் கல்லுக்கும் நடுவில் இடமே இல்லை. எல்லோரும் வலப்பக்கமாகச் சாயுங்கள் என்றான், சாய்ந்தோம். இடப்பக்கமாகச் சாயுங்கள் என்றான், சாய்ந்தோம். மாமனார் சாய்ந்தபோது படகு கவிழப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. சரி, வந்த வழியே போகலாம் என்று பின்னால் தள்ளிக்கொண்டு வந்தால், அதற்குள் முதல் பாலமும் அடைத்துவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர். கை வைத்து ஏற ஒரு விளிம்பு கிடையாது.

தோரோ என் காதுக்கு அருகே குனிந்தான். "பச்சை ஏறிடுச்சுடா மடையா. நீ போனப்புறம் இத்தனை வருஷத்துல கடல் ஏறுச்சு, பாசியும் கூடவே ஏறுச்சு. நம்ம அப்பா காலத்துப் பச்சை இப்ப தண்ணிக்கு அடியில கிடக்குது."

வெளியூர்க்காரன் எவனும் சுவரைப் பார்த்திருக்க மாட்டான். அவன் பாட்டுக்கு போனில் தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பியிருப்பான். ஊர்க்காரன் என்கிற திமிர் எனக்கு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

தண்ணீர் வடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று தோரோ எல்லோருக்கும் சொன்னான். லவீனியா, "அப்பா, இது உங்க ஊருதானே, உங்களுக்கே வழி தெரியாதா?" என்று கேட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தாள். மாமனார் கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், யாரும் எங்கேயும் ஓடப் போவதில்லை, இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது கப்பலில் சொல்லலாம் என்று வைத்திருந்த விஷயமாம்.

பெர்கமோவுக்குப் பக்கத்து ஊரான த்ரெவீலியோவில் இரண்டாவது கடை திறக்கப் போகிறார். கடை என் பேரில். பெயர்ப்பலகைகூட எழுதி முடித்தாயிற்று. மேலே அவர் குடும்பப் பேர், கீழே என் பேர், சில்வானோ என்று, அதே அளவு எழுத்தில். ஆண்பிள்ளை இல்லாத குறையை நீ தீர்த்தாய் என்று என் முழங்காலைத் தட்டினார். அந்தக் கை கனமாக, சூடாக இருந்தது. நான் நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வாய் தானாக அசைந்தது. உள்ளே ஒருத்தன் மூச்சு முட்டிக் கதறிக்கொண்டிருந்தான். தெக்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தோஷப்படுகிற முகமாக அது இல்லை.

எங்கேயோ ஒரு கோயிலில் மணி அடித்தது. மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டின் தண்ணீர்க் கதவு கண்ணில் பட்டது. கால்வாய்ப் பக்கம் படகிலிருந்து நேராக ஏறுகிற கதவு. தண்ணீர் அதன் வாசல்படிக்கு மேலேயே நின்றது. அந்த வீட்டுக்குள் புகுந்து சந்து வழியாக ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மாடி ஜன்னலில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா, கீழ்க்கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள், அவசரம் என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டேன். அவள் கீழே பார்த்தாள். கப்பல் அட்டைகளைப் பார்த்தாள். பிறகு வெளியூர்க்காரர்களுக்கென்று வைத்திருக்கிற வாத்தியார் பேச்சில், ஒவ்வொரு வார்த்தையாக, "ஐயா, இது தனிப்பட்டவர் வீடு. சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை" என்றாள்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெர்கமோவில் பதினாலு வருஷமும் நான் வாயைத் திறந்தால், வெனிஸ்காரன் பேசுகிறான் பார் என்று சிரிக்கிறார்கள். இங்கே வாயைத் திறந்தால் அதில் பெர்கமோ வாடை அடிக்கிறது போலிருக்கிறது. பிறகு தோரோதான் நான் யார் பிள்ளை, எந்தச் சந்து, என் அம்மா எந்தக் கடையில் மீன் விற்றாள் என்றெல்லாம் அவளுக்குக் கத்திச் சொன்னான். அவள் நம்பினாளோ இல்லையோ, ஜன்னலை மூடிக்கொண்டு கீழே வந்தாள். தண்ணீரில் ஊறிப் பருத்திருந்த கதவை உதைத்துத் திறந்தாள். கணுக்கால் தண்ணீரில் ரப்பர் பூட்ஸோடு நின்றாள். ஒரே ஒரு ஆள்தான், மொத்தக் கும்பலும் வரக்கூடாது என்றாள்.

எழுந்து ஒரு காலை வாசல்படியில் வைத்தேன். ஷூவுக்குள் தண்ணீர் ஜில்லென்று புகுந்தது. இன்னொரு கால் படகில் இருந்தது. சட்டைக் கையைத் தெக்லா பிடித்துக்கொண்டாள்.

"எங்க போற?"

இனி பொய் சொல்ல நேரம் இல்லை. சொல்லிவிட்டேன். பரீட்சை, ஓட்டுநர் வேலை, மதியத்துக்குள் கையெழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில், மாமனார் காதுபட. எனக்கு டைல்ஸ் பிடிக்கவில்லை, ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். லவீனியா போனைக் கீழே இறக்கினாள்.

தெக்லா சட்டையை விடவில்லை. "போகாத. போனாலும் பிரயோஜனம் இல்ல."

"ஏன்?"

"கிளம்பறதுக்கு முந்தின நாள் உன் போனுக்கு அவங்க கூப்பிட்டாங்க. நீ குளிச்சிட்டிருந்த. வெள்ளிக்கிழமை கண்டிப்பா வருவாரான்னு கேட்டாங்க. வரமாட்டாரு, அவருக்கு அந்த வேலை வேண்டாமாம்னு நான்தான் சொல்லிட்டேன். சரி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கறோம்னு வச்சிட்டாங்க."

ஒரு நிமிஷம் எனக்குக் காதே கேட்கவில்லை. பிறகு ரத்தம் தலைக்கு ஏறியது. அத்தனை நாள் கப்பலில் என் பக்கத்தில் படுத்து, என்னோடு சாப்பிட்டு, காலையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், எல்லாம் தெரிந்தே நடந்திருக்கிறாள். காவல் காத்திருக்கிறாள். என் வாழ்க்கையில் கை வைக்க நீ யார், உங்கப்பா பொண்ணுங்கறதைக் காட்டிட்டே என்று, தோரோவும் அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். இரண்டு சுவருக்கு நடுவில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

அவள் கத்தவில்லை. "போலோனியா போயிட்டு வந்தேன்னு சொன்ன. உன் சட்டையெல்லாம் உப்புத் தண்ணி வாடை. அப்புறம் இந்த போன். பொண்டாட்டிகிட்ட சொல்லாம வேற ஊர்ல வேலை தேடறவன் எதுக்குத் தேடுவான்? நீ எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போகப் போறேன்னு நினைச்சேன்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விடறது என்ன, விடறது? கூட வந்திருப்பேன்."

இதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பொறந்ததுலேருந்து அதே வீடு எனக்கு. கீழ இருந்து மாடிக்குப் போனதுதான் என் கல்யாணம். நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு நினைச்சுத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன், சில்வானோ. நீ வந்து எங்கப்பா சோபாவுல உட்கார்ந்துட்ட. என்னைக்காவது ஒருநாள் நீ, வா போலாம்னு கேப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

மாமனார் தொப்பியின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. "உள்ள வர்றியா, இல்லையாப்பா? என் வீடு நனையுது," என்றாள். இந்தத் தடவை எங்கள் ஊர்ப் பேச்சில்.

வரவில்லை அம்மா என்றேன். அவள் தோளால் முட்டிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நனைந்த காலை எடுத்துப் படகுக்குள் வைத்தேன். படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று மாமனார் தோரோவிடம் கேட்டார். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே மரியாதைக் குரலில் கேட்டார், ஆனால் குரலுக்கு வயசாகியிருந்தது. ஒரு மணி நேரமாவது ஆகும், காற்று நின்றால்தான் என்றான் தோரோ. பிறகு என்னிடம், நிற்காதே, ஆட்டுகிறது, நடுவில் உட்கார் என்றான்.

மாமனாருக்கும் தெக்லாவுக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.